இரண்டு தேர்தல் அறிக்கைகளும் வளர்மதியின் கேள்வியும்

போன மாதம் நிவேதா போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாளிதழின் தஞ்சாவூர்ப் பதிப்பில் இப்போது உதவி ஆசிரியராக இருக்கும் பெண். குரலில் அப்படி ஓர் உற்சாகம்.

“மேடம், நம்ம ‘இரு பத்தி’ பக்கத்துக்கு இனிமே ஆளே வேண்டாம். ரெண்டு கட்சியோட தேர்தல் அறிக்கையையும் கம்ப்யூட்டர்ல போட்டா, காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒப்பிட்டுக் கொடுத்துடுது!”

அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். வேளாண்மை, கல்வி, மகளிர் நலன் என்று தலைப்புப் பிரித்து, இந்தக் கட்சி இப்படி, அந்தக் கட்சி அப்படி என்று பளிச்சென்று வந்திருந்தது. நாங்கள் இரண்டு புத்தகங்களையும் வைத்துக்கொண்டு கண் எரியப் படித்த காலத்தை நினைத்தால், உள்ளபடியே பொறாமையாக இருந்தது.

“நல்லா இருக்கு நிவேதா. இதுகிட்ட என்ன கேள்வி கேட்டீங்க?”

“கேள்வியா? ரெண்டையும் ஒப்பிடுன்னு சொன்னோம். அவ்வளவுதான்.”

“அப்ப கட்சிக்காரங்க எதைப் பத்தி எழுதினாங்களோ அதைத்தான் ஒப்பிடும். அவங்க எழுதாம விட்டதை யார் கேக்குறது?”

அந்தப் பக்கம் அவள் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “மேடம், இதை நீங்க எங்களுக்கு எழுதிக் கொடுங்களேன்” என்றாள்.

எழுதிவிட்டேன். கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வதும் இதில் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் சீர்காழிக்காரி. அப்பா உரக்கடை வைத்திருந்தார். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டே யூரியா வாங்கிப்போன கடை. ஞாயிற்றுக்கிழமை லுத்தரன் கோயிலில் பாட்டு, மற்ற நாளெல்லாம் கடையில் அரசியல். அப்படி வளர்ந்ததாலோ என்னவோ, கல்லூரி முடித்ததும் பத்திரிகை வேலைக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்தேன். முதலில் பிழை திருத்தம், பிறகு சந்தை நிலவரம், பிறகு கோயில் திருவிழாச் செய்திகள். இவற்றில் சில வருடங்கள் ஓடின. ஒரு சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய நேரத்தில் செய்தி ஆசிரியர் கருணாகரன் சார் என்னைக் கூப்பிட்டு, “எஸ்தர், இனிமே நீங்க என் பக்கத்து மேஜையில உட்காருங்க” என்றார். என் உத்தியோகம் உண்மையில் அன்றைக்குத்தான் தொடங்கியது.

கருணாகரன் சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. மெலிந்த மனிதர். அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் ஒரே ஒரு பேனா. வாசல் காவலாளி முதல் கலெக்டர் வரை எல்லோருக்கும் ‘வாங்க, போங்க’தான். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. உட்கார்ந்து எதையும் திருத்த மாட்டார். தாளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்று, வாய்விட்டுப் படிப்பார். முதலில் ஒரு கட்சியின் தொண்டன் டீக்கடையில் படித்தால் எப்படிப் படிப்பானோ அந்தத் தொனியில். பிறகு அதே வரியை எதிர்த் தரப்புத் தொண்டன் படிக்கிற தொனியில். இருவரில் ஒருவன் மட்டும் சிரித்தால், அல்லது ஒருவனுக்கு மட்டும் கோபம் வந்தால், எங்கோ ஒரு சொல் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தேடிப்பிடித்து மாற்றச் சொல்வார். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஓரங்க நாடகம் மாதிரி இருக்கும். நானே முதல் நாள் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

அவர் யாருக்கு வாக்களித்தார் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. விரலில் மை இருக்கும். அதற்கு மேல் ஒரு துப்பும் கிடைக்காது.

‘இரு பத்தி’ அவருடைய யோசனை. தேர்தல் காலத்தில் நாளுக்கு ஒரு கேள்வி. கேள்விக்குக் கீழே இரண்டு பத்திகள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்சியின் நிலைப்பாடு. படமில்லை, கேலிச் சித்திரமில்லை, எங்கள் கருத்து என்று ஒரு வரியும் இல்லை. பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அதற்குப் பின்னால் அவர் போட்டிருந்த விதிகள் இருக்கின்றனவே!

முதல் விதி, அறிக்கைகள் வெளியாவதற்கு முன்பே கேள்விகளை முடிவு செய்துவிட வேண்டும். எங்கள் நிருபர்கள் நெல் கொள்முதல் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் ஆஸ்பத்திரி வாசலிலும் நின்று, ஜனங்கள் என்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்துப் பலகையில் எழுதிவிடுவோம். அதன் பிறகு மாற்றம் கிடையாது. “அறிக்கையைப் படிச்சுட்டுக் கேள்வி எழுதினா, யார்கிட்ட நல்ல பதில் இருக்கோ அவங்களுக்குத் தோதான கேள்வியைத்தாங்க நம்ம மனசு எழுதும்” என்பார்.

அடுத்தது வினைச்சொல். இதில்தான் அவர் ராட்சசன். தேர்தல் அறிக்கையில் ‘வழங்கப்படும்’ என்று வரும். ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று வரும். ‘பரிசீலிக்கப்படும்’ என்று வரும். ‘மத்திய அரசை வலியுறுத்துவோம்’ என்று வரும். அவசரத்தில் படிக்கிறவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ‘வழங்கப்படும்’ என்றால் கையை நீட்டலாம். ‘பரிசீலிக்கப்படும்’ என்றால் காத்திருக்க வேண்டும். ‘வலியுறுத்துவோம்’ என்றால் கடிதம் போடுவார்கள். சுருக்கி எழுதும்போது இடம் போதவில்லை என்று ‘பரிசீலிக்கப்படும்’ என்பதைத் ‘தருவோம்’ என்று மாற்றிவிட்டால், அந்தக் கட்சி தராத வாக்குறுதியை நாங்களே தந்துவிட்டதாக ஆகும். “பேரைச் சுருக்குங்க, ஊரைச் சுருக்குங்க, வினைச்சொல்லை மட்டும் தொடாதீங்க.” இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு பதிலின் முடிவிலும் அது அந்தக் கட்சியின் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற எண் வர வேண்டும். ஒரு கட்சியின் புத்தகத்தை நான் படித்தால் இன்னொருவர் மற்றதைப் படிப்பார், பிறகு மாற்றிக்கொள்வோம். இன்று இடப்பக்கம் இருந்த கட்சி நாளை வலப்பக்கம். முதல் நாள் யார் இடப்பக்கம் என்பதைக் காசு சுண்டிப்போட்டு முடிவு செய்வோம்.

ஆனால் இரண்டு பத்திகளும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்று மட்டும் அவர் சொன்னதில்லை. ஒரு தேர்தலில், ஒரு கட்சியின் நகரப் பொறுப்பாளர் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். குடிநீர் பற்றிய கேள்விக்கு எதிரணியின் பத்தி கீழே வரைக்கும் இறங்கியிருந்தது. இவர் கட்சியின் பத்தி பாதியில் நின்று வெள்ளையாக இருந்தது.

“இது என்ன நியாயம் சார்? அவங்களுக்கு ஒரு முழம், எங்களுக்கு ஒரு சாணா?”

கருணாகரன் சார் அவரை உட்காரவைத்து, அவர் கட்சியின் புத்தகத்தை எடுத்து நீட்டினார். “குடிநீரைப் பத்தி இதுல இருக்கிற அத்தனையும் போட்டிருக்கோங்க. விட்டது ஒரு வரி இருந்தாலும் காட்டுங்க, நாளைக்கே போடுறோம்.”

அந்த மனிதர் முன்னும் பின்னும் புரட்டினார். மூடிவைத்தார். “அடுத்த தடவை மேலிடத்துல சொல்லி நாலு வரி கூடப் போடச் சொல்லணும்” என்று முணுமுணுத்தபடி டீ குடித்துவிட்டுப் போனார். அவர் படியிறங்கியதும் அலுவலகமே சிரித்தது, கருணாகரன் சார் தவிர. “ரெண்டு பேருக்கும் ஒரே கேள்வி. அதுதாங்க சமம். பதிலோட நீளம் அவங்கவங்க பொறுப்பு” என்றார் அவர்.

இனி, என்னால் மறக்க முடியாத ஒரு கடினமான தேர்தலுக்கு வருகிறேன்.

அதற்கு முந்தைய மழையில் வெண்ணாற்றங்கரை ஊர்களில் சம்பா மூழ்கிப்போயிருந்தது. கதிர் வரும் நேரத்தில் வாரக் கணக்கில் தண்ணீர் நின்று, பயிர் அழுகி நாறியது. ஆகவே எங்கள் பலகையில் முதல் கேள்வியே அதுதான்: ‘வெள்ளத்தில் பயிர் அழிந்தால் என்ன செய்வீர்கள்?’

அந்த முறை ஒரு கட்சியின் அறிக்கை தடிமனான புத்தகம். மற்றதன் அறிக்கை மெல்லிய புத்தகம். கட்சிகளின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, பழக்கம் விடவில்லை. பெரிய புத்தகம், சின்னப் புத்தகம் என்றே சொல்கிறேன். பெரிய புத்தகத்தில், ‘பாதிக்கப்படும் விவசாயிகளுக்கு நிவாரணம் உயர்த்தி வழங்கப்படும்’ என்று இருந்தது. சின்னப் புத்தகத்தில், ‘பயிரிழப்புக்கு உரிய இழப்பீடு விவசாயிகளுக்கு விரைந்து கிடைக்க நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று இருந்தது. இரண்டையும் அப்படியே போட்டோம், பக்க எண்ணோடு.

மறுநாள் காலை நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ரஹீம் போன் செய்தார். ரஹீம் கூத்தாநல்லூர்க்காரர், வெண்ணாற்றுப் பகுதிக்கு எங்கள் நிருபர். “மேடம், வாட்ஸாப்பைப் பாருங்க. நம்ம பக்கத்தை எவனோ மாத்திட்டான்.”

பார்த்தேன். எங்கள் பத்திரிகையின் பெயர், எங்கள் தலைப்பு, எங்கள் கேள்வி. பெரிய புத்தகத்தின் பத்தி மாறவில்லை. சின்னப் புத்தகத்தின் பத்தியில் மட்டும், ‘நிலம் சொந்தமாக இல்லாதவர்களுக்கு நிவாரணம் தரமாட்டோம்’ என்று இருந்தது. முடிவில் பக்க எண்ணும் போட்டிருந்தார்கள், நாற்பத்தொன்று. அந்தப் பக்கத்தின் மேல் ஜனங்கள் வைத்திருந்த நம்பிக்கையை வைத்தே ஒருவன் பொய்யை விற்றிருக்கிறான். அது காலை டீக்குள் ஊர் ஊராகப் பரவியிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அலுவலக வாசலில் கூட்டம். சின்னப் புத்தகக் கட்சியின் ஒன்றியச் செயலாளர் தங்கராசு, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். பின்னால் அவருடைய ஆட்கள். “பத்திரிகையா, எதிர்க்கட்சி ஆபீஸா?” என்று கோஷம். கொஞ்சம் தள்ளி, ஒரு மினி லாரியில் வந்து இறங்கிய பெண்கள் தனியாக நின்றார்கள். அவர்கள் எந்தக் கட்சிக்கொடியும் வைத்திருக்கவில்லை. குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்கிறவர்கள் என்று, அவர்கள் பின்னாலேயே வண்டியில் வந்திருந்த ரஹீம் சொன்னார். நிவாரணம் கிடையாது என்று படித்துவிட்டுப் பதறிப்போய் வந்திருந்தார்கள்.

நான் மாடியேறியதும் விளம்பரப் பிரிவு மேலாளர் கருணாகரன் சாரிடமும் என்னிடமும் ஓடிவந்தார். “ஒரு வருத்தம் போட்டு முடிச்சுடுங்க சார், எதுக்கு வம்பு?”

“நாம போடாததுக்கு நாம ஏன் வருத்தம் தெரிவிக்கணும்?” என்று கேட்டுவிட்டுக் கருணாகரன் சார் படியிறங்கினார். நானும் பின்னாலேயே போனேன்.

அவர் முதலில் செய்த காரியம், பெண்களுக்கு நாற்காலி எடுத்துவரச் சொன்னதுதான். பிறகு தங்கராசுவைப் பார்த்து, “உங்க அறிக்கைப் புத்தகம் கையில இருக்குங்களா?” என்றார்.

தங்கராசு எதிர்பார்க்கவில்லை. “புத்தகமா? அதெல்லாம் வேன்ல கிடக்கும்.”

“எடுத்துட்டு வரச் சொல்லுங்க. எங்ககிட்டயும் இருக்கு. ஆனா உங்க கையில உங்க புத்தகமா இருந்தாத்தான் நல்லது.”

வேனிலிருந்து ஒருவர் கொண்டுவந்தார். கூட்டம் நெருங்கி நின்றது. “போன்ல வந்த படத்துல நாற்பத்தி ஒண்ணாம் பக்கம்னு போட்டிருக்காங்க. எடுத்துச் சத்தமாப் படிங்க.”

தங்கராசு விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். “மீன்பிடித் துறைமுகங்கள் ஆழப்படுத்தப்படும். மீனவர்களுக்கு ஐஸ் வைக்கும் கிடங்கு...” நிறுத்தினார். “என்னய்யா இது, மீனுல இருக்கு!”

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் வெடித்தார். அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள். நான் முந்தைய நாள் பேப்பரை அவர் கையில் கொடுத்தேன். அதில் இருந்த எண்ணைப் பார்த்து அந்தப் பக்கத்தைப் புரட்டினார். சொல்லுக்குச் சொல் அப்படியே இருந்தது. அவர் முகம் மாறியது. “அப்ப போன்ல வந்தது டூப்புதான். சார், நாங்க உங்களைத் தப்பா...”

“பரவால்லீங்க. நீங்க நேர்ல வந்து கேட்டீங்க. அதுவே பெரிசு.”

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. பக்க எண் போடுவதற்காக நாங்கள் பட்ட கஷ்டமெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வட்டியோடு திரும்பி வந்தது. தங்கராசுவின் ஆட்கள் ‘பொய்யைப் பரப்பினவன் ஒழிக’ என்று புதுக் கோஷத்தோடு வேனில் ஏறப் போனார்கள்.

அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி எழுந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியாக, தலையில் கட்டிய துண்டை அவிழ்க்காமலே வந்திருந்தாள்.

“அண்ணே, செத்த இருங்க. போன்ல வந்தது பொய்யி. சரி, ஒத்துக்கிட்டோம். அப்ப நெசம் என்ன?”

தங்கராசு திரும்பினார். “அதான் படிச்சனேம்மா. விவசாயிகளுக்கு இழப்பீடு கிடைக்க நடவடிக்கை.”

“விவசாயின்னா யாரு? பட்டா வச்சிருக்கிறவங்களா, சேத்துல நிக்கிறவங்களா?”

அவர் மறுபடி புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். பெயர் வளர்மதி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலிக்கு நட்டவர்கள். இவளும் புருஷனும் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார்கள். நிலத்துக்காரர் சென்னையில். எல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்தில் ஒன்றும் கிடையாது. எந்த நிலத்தில் யார் பயிர் வைத்திருக்கிறார் என்று வி.ஏ.ஓ. எழுதும் அடங்கலில் நிலத்துக்காரர் பெயர்தான் இருக்கும்.

“மூழ்கினது என் பயிரு. நகையை வச்சு நட்டது நான். நிவாரணம் போனது மெட்ராஸுக்கு. அவரு நல்லவருதான், கேட்டாக் கொஞ்சம் குடுத்தாரு. ஆனா நான் எதுக்குக் கேக்கணும்? சொல்லுங்க. ரெண்டு கட்சியும் எழுதியிருக்காங்களே, அதுல நாங்க இருக்கமா இல்லயா?”

நான் இரண்டு புத்தகங்களையும் இரண்டு தடவை படித்தவள். அவள் கேட்டதற்கு இரண்டிலும் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அதையே சொன்னேன். “ரெண்டுலயும் ‘விவசாயி’ன்னுதான் இருக்கும்மா. குத்தகைக்காரங்க உண்டுன்னும் இல்ல, இல்லேன்னும் இல்ல.”

“அப்ப கேளுங்க” என்றாள் வளர்மதி. அவ்வளவுதான். கெஞ்சவில்லை, கத்தவும் இல்லை.

பலகையில் எழுதிய கேள்விகளை மாற்றக் கூடாது என்பது விதி. நான் கருணாகரன் சாரைப் பார்த்தேன். அவர் யோசித்தார். “மாத்த வேண்டாம். ஒண்ணு சேர்ப்போம். ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல, ஒரே சொல்லுல” என்றார். அங்கேயே நின்று கேள்வியை எழுதினோம்: ‘நிலம் ஒருவர் பெயரிலும் பயிர் இன்னொருவர் உழைப்பிலும் இருந்தால், நிவாரணம் யாருக்கு?’ வளர்மதியிடம் படித்துக் காட்டி, “இதைத்தானே கேக்குறீங்க?” என்றார். அவள், “அதேதான்” என்றாள்.

தங்கராசு உடனே போனை எடுத்தார். “எங்க வேட்பாளரை இப்பவே சொல்ல வைக்கிறேன், எழுதிக்குங்க.”

“போன்ல வேண்டாங்க. எஸ்தர் நேர்ல வருவாங்க. அவர் கையால எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். அந்தப் பக்கத்து வேட்பாளர்கிட்டயும் இதே மாதிரிதான் வாங்குவோம்.”

ரஹீமின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து புறப்பட்டேன். சித்திரை வெயில். சின்னப் புத்தகத்தின் வேட்பாளர் ஒரு கடைத்தெருவில் திறந்த ஜீப்பில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். பரம்பரையாக நிலபுலன் உள்ளவர். வளர்மதியைப் பற்றிச் சொல்லிக் கேள்வியை நீட்டினேன்; படித்ததும் ஜீப்பிலிருந்து இறங்கிவிட்டார். ஒரு மளிகைக்கடைக்குள் போய் உட்கார்ந்தோம்.

“இது வில்லங்கமான கேள்விம்மா. என் நிலத்துலயே குத்தகைக்கு ஆளுங்க இருக்காங்க. அவங்க பேரை எழுத்துல ஏத்தினா, நாளைக்கு நிலமே எங்களுதும்பாங்கன்னு எல்லாருக்கும் பயம். எனக்கும்தான்.”

“அதை அப்படியே எழுதலாம் சார்.”

“எழுதினா ஓட்டு போயிடும்.” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. தாளை வாங்கி மறுபடி ஒரு தடவை படித்தார். “ஆனா அந்தப் பொண்ணு கேக்குறது நியாயம். என் பயிரு மூழ்குனா நான் சும்மா இருப்பனா?” மடியில் வைத்து எழுதினார்: ‘நிலத்தின் உரிமை ஆவணங்களில் மாற்றம் இல்லாமல், விசாரணை நடத்தி, பயிர் வைத்தவர் பெயரிலேயே நிவாரணம் வழங்கப்படும்.’ கையெழுத்துப் போட்டார். உறையில் போட்டு ஒட்டி எடுத்துக்கொண்டேன்.

பெரிய புத்தகத்தின் வேட்பாளர் வழக்கறிஞர். ஒரு பள்ளிவாசல் தெரு முனையில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தவரைப் பிடித்தோம். கேள்வியைப் பார்த்தவுடன், “அவர் என்ன எழுதிக் கொடுத்தார்?” என்றார்.

“நாளைக்குப் பேப்பர்ல பாருங்க சார்.”

“நான் அவரைவிடக் குறைச்சு எழுதிட்டா?”

“அதனாலதான் சார் காட்டல. அவருக்கும் உங்களோடதைக் காட்டியிருக்க மாட்டேன்.”

சிரித்துவிட்டு எழுதினார். ‘கோரிக்கை பரிசீலிக்கப்படும்.’ தாளை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு, “சரிங்க சார். ‘பரிசீலிக்கப்படும்’னே வரும். நாங்க வினைச்சொல்லை மாத்துறதில்ல” என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் நான் பேசவில்லை. அவர் கையை நீட்டி, “இங்க கொடுங்க” என்று திரும்ப வாங்கினார். பேனாவை மூடினார், திறந்தார். எழுதியதை அடித்துவிட்டு அடியில் எழுதினார்: ‘உண்மையில் சாகுபடி செய்பவரின் பெயர் அடங்கலில் சேர்க்கப்படும். நிவாரணம் அவருக்கே வழங்கப்படும்.’ கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “எங்க ஆளுங்கள்ல நிலத்துக்காரங்க என்னைத் தொலைச்சுடுவாங்க” என்றார். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. வக்கீல்கள் நல்ல வாதம் ஒன்றைச் சொல்லி முடித்ததும் வருகிற தெளிவு.

அலுவலகத்தில் இரண்டு உறைகளையும் கருணாகரன் சார் முன்னால் பிரித்தோம். அவர் எழுந்து நின்று படித்தார். ஒரு தடவை இந்தத் தொனி, ஒரு தடவை அந்தத் தொனி. கடைசியில், “எஸ்தர், இதுதாங்க ஒப்பீடு” என்றார். “நேத்து வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே மாதிரி மழுப்பினாங்க. இன்னைக்கு ஒருத்தர் அடங்கல்ல பேர் பதிவு இல்லாமத் தரேங்கிறார். இன்னொருத்தர் பதிவோட தரேங்கிறார். ஜனங்க தேர்ந்தெடுக்கிறதுக்கு இப்பத்தான் ஏதோ இருக்கு.” அவர் என்னைப் பாராட்டுவது அபூர்வம். அன்றைக்கு, “நல்லா செஞ்சீங்க” என்றும் சொன்னார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டே போனேன்.

மறுநாள் காலையில் ரஹீம் ஒரு கொள்முதல் நிலையத்திலிருந்து கூப்பிட்டுப் போனை ஸ்பீக்கரில் வைத்தார். தாமதமாக அறுத்த தாளடி நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருந்தவர்கள் மத்தியில் ஒருவர் எங்கள் பக்கத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் சண்டை தொடங்கியது. “பதிவு இருந்தாத்தான்யா பாங்கில கடன் கிடைக்கும்.” “பதிவுன்னு சொன்னா நிலத்தைப் புடுங்கிடுவான், அடுத்த வருசம் குத்தகையே கிடையாது. மொதல்ல காசு வரட்டும்.” “ஏன், ரெண்டும் வேணும்னு கேட்டா என்ன?” கடைசியாகச் சொன்னது வளர்மதியின் குரல். யாரும் தலைவரைத் திட்டவில்லை, யாரும் சாதியை இழுக்கவில்லை. இரண்டு கொள்கைகளை எடைபோட்டுச் சண்டை போட்டார்கள். நான் போனைக் காதில் வைத்தபடி அழுதுவிட்டேன். சந்தோஷ அழுகைதான்.

அந்தப் போலிப் படத்தைச் செய்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு அதை யாரும் சீந்தவில்லை. போனில் எது வந்தாலும், “பக்க எண் போட்டிருக்கா, புத்தகத்துல பாத்தியா?” என்று கேட்பது அந்த ஊர்களில் பழக்கமாகிவிட்டது என்று ரஹீம் சொல்வார்.

யார் ஜெயித்தார் என்று இங்கேயும் எழுதமாட்டேன். ஜெயித்தவர் தன் கையெழுத்தை மறக்கவில்லை. ஊர்க்காரர்கள் மறக்கவும் விடவில்லை. அந்தப் பக்கத்தை வெட்டி ஊர்ச் சங்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்களே! தோற்றவரும் சும்மா இருக்கவில்லை. ஜெயித்தவர் எழுதிக் கொடுத்தது நடந்ததா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்து ஒரு மழையில் பயிர் மூழ்கியபோது அதிகாரிகள் வரப்பில் இறங்கி, யார் நட்டது என்று விசாரித்து எழுதினார்கள். வளர்மதியின் நிவாரணம் வளர்மதியின் கணக்கிலேயே விழுந்தது.

கருணாகரன் சார் ஓய்வு பெற்றார். அவருடைய நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். அடுத்த தேர்தல் வந்தபோது நடந்ததுதான் என் உத்தியோகத்தின் உச்சம். அறிக்கைகள் வெளியாக இன்னும் நாள் இருந்தது. ஒரு நாள் காலையில் தங்கராசு படியேறி வந்தார். இந்த முறை கூட்டமில்லாமல், கையில் ஒரு பாக்கெட் அசோகா அல்வாவோடு.

“மேடம், இந்தத் தடவை பலகையில என்ன கேள்வி எழுதியிருக்கீங்க? சொன்னீங்கன்னா மேலிடத்துக்கு அனுப்பி, புத்தகத்துல சேர்க்கச் சொல்லுவோம்.”

மதியத்துக்குள் எதிரணியிலிருந்தும் ஒருவர் அதே கேள்வியோடு வந்துவிட்டார். நான் இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். “எங்க நிருபருங்க நின்ன இடத்துல நீங்களும் போய் நில்லுங்க. ஜனங்க சொல்லுவாங்க.” அல்வாவைத் திருப்பிக் கொடுத்தேன். மனசுக்கு அது மட்டும் கஷ்டமாக இருந்தது.

போய் நின்றிருக்கிறார்கள். இரண்டு புத்தகங்களும் வந்தன. நான் ஒன்றைப் படித்தேன், சக ஊழியர் மற்றதைப் படித்தார். பிறகு மாற்றிக்கொண்டோம். இரண்டிலும் ‘குத்தகை சாகுபடியாளர்’ என்ற சொல் இருந்தது. இரண்டிலும் பதிவும் இருந்தது, நிவாரணமும் இருந்தது. இரண்டிலும் வினைச்சொல் ‘வழங்கப்படும்’. இரண்டு பத்திகளிலும் கிட்டத்தட்ட ஒரே வாசகத்தை அச்சிட்ட அந்தக் காலை நான் பேப்பரை விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பெண் எழுந்து நின்று கேட்டாள், நாங்கள் அதை இருவரிடமும் கேட்டோம். அது இங்கே வந்து நின்றிருந்தது.

போன் அடித்தது. வளர்மதி.

“அக்கா, பேப்பர் பாத்தேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லியிருக்காங்களே! இப்ப நான் யாருக்குப் போடுறது?”

“அதை நான் சொல்ல மாட்டேன், வளர்மதி.”

“தெரியும் தெரியும். சும்மா கேட்டுப் பாத்தேன்.” வாய்விட்டுச் சிரித்தாள். பின்னால் வயல் ஆட்களின் பேச்சுச் சத்தமும் ஒரு டிராக்டரின் உறுமலும் கேட்டன. “சரி, பேனா வச்சிருக்கீங்களா? அடுத்த கேள்வி இருக்கு, எழுதிக்குங்க.”